எங்கே முதலில் விடும்

மன்னார்குடிச் செருப்புக்கடைப் பையன்
நிறத்தைச் சொன்னான், தள்ளுபடியைச் சொன்னான்.
செங்கமலம் செருப்பைக் குப்புறப் போட்டாள்.
குதிகாலையும் நுனியையும் சேர்த்து மடக்கினாள்.
மூக்கருகே கொண்டுபோய்ப் பசையை முகர்ந்தாள்.
"எங்கே முதலில் விடும், தம்பி?"

அவனிடம் யாரும் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது.
முதலாளியைப் பார்த்தான்.
முதலாளி மின்விசிறியைப் பார்த்தார்.

எங்கள் மண்ணைப் பற்றி
அந்த அட்டைப்பெட்டியில் ஒரு வரி கிடையாது.
ஐப்பசி வரப்பில் காலைத் தூக்கினால்
கால் மட்டும்தான் வரும்.
மீதியைக் களி வைத்துக்கொள்ளும்,
மல்லுக்கட்டினால் வாரை மட்டும் திருப்பித் தரும்.
அதே களி பங்குனியில் வெடித்து
விளிம்பால் அறுக்கும்.

கடைசியில் அவள் எடுத்தது
டயர் அடி, சுற்றிலும் தையல்,
கல்யாணத்துக்குப் போட்டுப்போக முடியாத அழகு.
நூற்றெண்பது ரூபாய் கூடுதல்.
"வருஷத்தால வகுங்க" என்றாள்.
வகுத்தேன். கணக்குதானே என் தொழில்,
நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறேன்.

கணக்குத் தெரிந்த நான்தான்
போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்கு
ஹோம் தியேட்டர் வாங்கினேன்.
ஐந்து ஸ்பீக்கர், ஒரு பெரிய மரப்பெட்டி,
தவணை பதினெட்டு.
கார்த்திகை ஈரத்தில் ஒவ்வொன்றாய் ஊமையாகி
பதினொன்றாம் தவணைக்கு
பின்பக்க இடது மட்டும் மிஞ்சியது.
படத்தில் யார் பேசினாலும் அதில் கேட்காது.
மழை பெய்தால் மட்டும் கேட்கும்.
மரப்பெட்டி இப்போது அரிசி மூட்டைக்குக் கீழே இருக்கிறது.
அங்கே நன்றாக உழைக்கிறது.

அதனால் இந்த முறை டிவி வாங்க
கடைக்குப் போகவில்லை முதலில்.
கூத்தாநல்லூரில் ஹாஜா மைதீன் பட்டறைக்கு,
துக்கம் கேட்கப் போகிறவள் மாதிரி
என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.
சுவர் நெடுக முகம் இருண்ட டிவிக்கள்.
"இங்க அதிகமா வர்றது எது?"
ஸ்க்ரூடிரைவரால் காட்டினார், ஒன்று, இரண்டு, அந்த வரிசை முழுக்க.
"வந்தாலும் பொழைக்கிறது எது?"

டீ வந்தது. குடித்து முடித்துத்தான் பேசினார்.
"மெலிசுக்கு ஆசைப்படாதீங்கம்மா.
முதுகுல ஆணி தெரியணும்.
பசை போட்டு ஒட்டினத நான் திறந்தா
கண்ணு முன்னாலயே விரிசல் விடும்.
ஸ்டெபிலைசருக்குத் தனியா எடுத்து வைங்க,
உங்க பக்கம் போர்செட் ஓடினா பல்பு மஞ்சளாப் போயிரும்."
கொஞ்சம் தயங்கி,
"எங்க வீட்ல டிவி கிடையாது" என்றார்.

கடையில் நாங்கள் ஆணியைத் தேடிப்
பெட்டிகளின் முதுகுப்பக்கமே சுற்றினோம்.
அங்கே தூசி தட்டுகிறவர்கள்கூட வருவதில்லை.
முப்பத்திரண்டு அங்குலம், தடிமன், ஆறு ஆணி.
வாரண்டி மூன்று வருஷம்.
டை கட்டிய பெண் தவணைப் படிவத்தை நீட்டி,
"சாருக்கு வேலை நிரந்தரமா, தற்காலிகமா?"
"பருவகாலம்" என்றேன்.
"அப்படி ஒரு கட்டம் இல்லையே சார்."

சம்பா மூட்டை லாரி ஏறினால்
நிலையத்தைப் பூட்டிவிடுவார்கள்.
அடுத்த குறுவைக்குக் கூப்பிடலாம்.
கூப்பிடாமலும் இருக்கலாம்.
டிவிக்கு மூன்று வருஷம். எனக்கு மாசி வரை.

செங்கமலம் பையிலிருந்து
ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுச் சுருளை எடுத்து
மேசையில் வைத்தாள். எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை.
அந்தப் பெண் இரண்டு முறை எண்ணினாள்.
அதற்குள் ஒரு பத்து ரூபாய் கீழே விழ,
எடுக்கக் குனிந்தவள்
என் இடது செருப்பின் வாரில்
ஊக்கு குத்தியிருப்பதைப் பார்த்துவிட்டாள்.

காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.
"இங்க ஒரு கையெழுத்து சார்" என்றாள் அந்தப் பெண்.